சாட்சி சொல்லும் நேரம்

அடுத்தது நடனம், அதற்கடுத்தது சாட்சி. நிகழ்ச்சி நிரலில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. வினிஃப்ரெட் அந்தத் தாளை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள், அதற்குமேல் அது மடியவில்லை. 'சாட்சி: திருமதி வினிஃப்ரெட் ஜெபசிங்.' இவளிடம் புருஷன் சொன்னது இன்று காலை வேனில் ஏறும்போது. அச்சுக்குக் கொடுத்தது எப்படியும் இரண்டு நாளைக்கு முன்னால் இருக்கும். அப்படியென்றால் இந்த அநாதை இல்லத்து நிர்வாகிக்குத் தெரிந்து, அச்சகத்துக்காரனுக்குத் தெரிந்து, நாற்காலிக்கு ஒன்றாக இந்தத் தாளை வைத்துக்கொண்டு போன பிள்ளைக்குத் தெரிந்து, கடைசியாகத்தான் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. "ரெண்டே வார்த்தை வினி. ஆண்டவர் உன்னை எங்கேருந்து எங்க கொண்டுவந்து வச்சிருக்கார்னு சொன்னா, இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கை வரும்லா" என்றார் ஜெபசிங். "அக்சா இருக்கா அத்தான்." "இருக்கட்டுமே. அவளும் தெரிஞ்சிக்கிடட்டும். மறைக்க இதுல என்ன இருக்கு?" அதற்குள் மகள் துணிப் பொட்டலங்களைத் தாண்டிக் குதித்து ஜன்னலோர இருக்கையைப் பிடித்துவிட்டாள், டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான், இவள் வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடிக்கொள்வது இவளுக்குச் சின்ன வயதிலிருந்தே நன்றாக வரும். இப்போதும் மூடித்தான் இருக்கிறது. உள்ளே நாக்கு மட்டும் மேல்வாயில் ஒட்டிக்கொண்டு, மாத்திரை கரையாமல் நின்றுவிட்டதைப் போல ஒரு கசப்பு. ஃபினாயில் வாசனை, நாற்பத்திரண்டு பிள்ளைத் தலைகளின் தேங்காய் எண்ணெய் வாசனை, பின்கட்டிலிருந்து பிரியாணி வாசனை. இந்த மூன்றும் சேர்ந்தால் இவளுக்கு டிசம்பர். ஊர் உலகத்துக்கெல்லாம் டிசம்பர் என்றால் கேக் வாசனையாம்.

அக்சா பக்கத்தில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். போன வருஷத்து ஃப்ராக். மடிப்பைப் பிரித்து இரண்டு அங்குலம் இறக்கியிருந்தாள் இவள். பழைய மடிப்பு இருந்த இடத்தில் சாயம் போகாத ஒரு கோடு, புதுசாகப் பளிச்சென்று. டிசம்பர் முதல் ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து ஜெபசிங் சொன்னார்: "இந்த வருஷம் நம்ம வீட்டுல ஒருத்தருக்கும் புதுத்துணி கிடையாது. கேக் ஆர்டர் கிடையாது. யாரும் யாருக்கும் ஒண்ணும் வாங்கிக் குடுக்கண்டாம். எல்லாத்தையும் சேத்து ஒரு இல்லத்துப் பிள்ளைகளுக்குச் செய்யப் போறோம். வினிக்காகத்தான் இந்த எண்ணமே எனக்கு வந்தது." வினிக்காக. அவருடைய அம்மா, அத்தை, தலையை ஆட்டினாள், நல்ல காரியம்தான்யா என்றாள். அக்சா கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு அழுதாள். இவள் பாத்திரம் தேய்த்தாள். மகளுக்கென்று ஒரு லாவெண்டர் ஃப்ராக்கை இவள் நவம்பரிலேயே பார்த்து வைத்திருந்தாள். கடையில் அந்தப் பெண்ணிடம், இதே மாதிரி வேற இருக்கா என்று கேட்டாள், இல்லக்கா இந்த ஒரு பீஸ்தான் வந்துச்சு என்றாள் அவள். அப்படிச் சொன்னால்தான் இவள் வாங்குவாள். இருக்குக்கா, இதுலயே நாலு இருக்கு என்றால் வைத்துவிட்டு வேறு எடுப்பாள். பத்து வருஷமாக இதுதான் வழக்கம். ஏன் இப்படி என்று கடைக்காரி ஒருநாளும் கேட்டதில்லை, புருஷனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா? பாட்டில் பச்சையில் வெள்ளைப் புள்ளி. இவள் வளர்ந்த இல்லத்துக்கு ஒரு கடைக்காரர் கொடுத்த ஒரு முழு பேல் துணி, எழுபது பிள்ளைகளுக்கும் அதே துணி, அதே தையல், அதே கழுத்து. இரண்டு வரிசையாகக் கோவிலுக்கு நடந்து போனால் பஜாரில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பவன்கூட நிமிர்ந்து பார்த்து, ஹோம் பிள்ளைக போகுது என்பான். துணி கிழிகிறவரைக்கும் அப்படித்தான். அது சுலபத்தில் கிழியாத துணி வேறு. இப்போது மேடைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கும் நாற்பத்திரண்டு பொட்டலங்களிலும் மரூன் நிறத்தில் ஒரே துணி. மொத்தக்கடையில் இவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஜெபசிங் எடுத்தார். "ஒண்ணுபோல இருந்தாத்தான் பிள்ளைகளுக்குள்ள பொறாமை வராது." இவள் அப்போது சொல்லியிருக்கலாம். வேற வேற எடுங்க அத்தான், ஆளுக்கு ஒரு நிறம் எடுங்க. அவர் எடுத்திருப்பார், கெட்டவர் இல்லை, சொன்னால் கேட்கிறவர்தான். ஆனால் சொல்லத் தொடங்கினால் பச்சையில் வெள்ளைப் புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும், அதைச் சொன்னால் அவர் கண் கலங்கிவிடும், அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க இவளால் முடியாது.

அதுதான் சங்கடம். கோபப்படுவதற்கு ஒரு ஆள்கூட இல்லை. ஜெபசிங் குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், இவள் சம்பளத்தில் ஒரு கேள்வி கேட்டதில்லை, ஆஸ்பத்திரி லேபில் இவளுக்கு வேலை முடிய நேரமானால் தோசை ஊற்றி வைத்திருப்பார். கல்யாணத்தன்று பாஸ்டர் பிரசங்கத்திலேயே சொன்னாரே, நம்முடைய சகோதரன் ஒரு ரூபாய் வரதட்சணை வாங்காமல், தாய் தகப்பன் இல்லாத ஒரு பிள்ளைக்கு வாழ்வு கொடுத்திருக்கிறார், எத்தனை வாலிபர்கள் இப்படி முன்வருவீர்கள் என்று. முக்காட்டுக்குள் இவள் குனிந்த தலை நிமிரவில்லை. சபையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர்கள் அழுவார்கள், அன்று மொத்தச் சபையும் பெண்ணைப் பெறாமலே அழுதது. வாழ்வு கொடுத்தார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற ஆள் இல்லை அவர். ஆனால் கொடுத்தோம் என்பதை ஒருநாளும் மறந்ததில்லை. மறக்கவில்லை என்பதைச் சத்தமாகச் சொல்லவும் மாட்டார். சேலை எடுத்துக் கொடுக்கும்போது, உனக்குப் பிடிச்சிருக்கா என்று கேட்பாரே, அதில் ஒரு சின்ன நீட்டல் இருக்கும். பிடிச்சிருக்கு என்று இவள் சொல்ல வேண்டும், சொல்லி முடித்த பிறகும் இரண்டு விநாடி அவர் பார்த்துக்கொண்டே நிற்பார். போதவில்லையோ என்று இவள் இன்னொரு தடவை சிரிப்பாள். பதினோரு வருஷத்தில் கன்னத்தில் அந்த இடமே தடித்துப்போயிருக்க வேண்டும்.

நடனப் பிள்ளைகள் ஆறு பேர் வந்து நின்றார்கள். முதுகில் டிஷ்யூ தாள் சிறகு. பவுடர் கழுத்துவரைக்கும் இறங்கியிருந்தது. மைக் ஒரு தடவை ஊளையிட்டது. இவள் கண் தரையில் ஒரு இடத்தைத் தேடியது. மைக் ஊளையிட்டால் இவளுக்கு அப்படித்தான். இவள் வளர்ந்த இல்லத்தில் டிசம்பருக்கு டிசம்பர் வார்டன் ஐயா மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொன்றாக முன்னால் நிறுத்திக் கதை சொல்வார். இவள் பிறந்த கதையை இவள் மைக்கில்தான் கேட்டாள். "இந்தப் பிள்ளையைப் பெத்தவ ஆஸ்பத்திரி வராந்தாவுல விட்டுட்டுப் போயிட்டா." முதல் தடவை வராந்தா மட்டும்தான். அடுத்த வருஷம் மழை வந்தது. அதற்கடுத்த வருஷம் ஒரு நாய் பக்கத்தில் படுத்துக் காவல் காத்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எறும்பு மொய்த்திருந்தது. விருந்தாளி அம்மாக்கள் கைக்குட்டையை எடுப்பார்கள், இவள் தரையில் ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், எந்த வருஷம் எது சேரும் என்று உள்ளே ஒரு ஆவலும் உண்டு, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது. எது நிஜம் என்று ஐயாவிடம் கேட்கத் துணியவில்லை. கேட்டால் எறும்பும் நாயும் மழையும் போய்விடும், வராந்தாவும் சேர்ந்து போய்விடுமோ என்னவோ. பெயர்கூட யாரோ ஒரு அயல்நாட்டு அம்மாளின் பெயர். மாதாமாதம் இவளுக்காகப் பணம் அனுப்பினாளாம். அவள் ஒரு படம் அனுப்பியிருந்தாள், தொப்பி வைத்துக்கொண்டு ரோஜாச் செடிக்குப் பக்கத்தில். இவளுக்கு ஏழு வயதாகும்போது அந்த வினிஃப்ரெட் செத்துப்போனாள், பெயர் மட்டும் இங்கே தங்கிவிட்டது.

கதை என்றால் இவளும் ஒன்று சொல்லியிருக்கிறாள். அக்சாவை இரண்டாம் வகுப்பில் குடும்ப மரம் வரைந்துகொண்டு வரச் சொன்னார்கள். அப்பா பக்கம் ஐந்து நிமிஷத்தில் நிறைந்துவிட்டது. "அம்மா, உன் அப்பா பேரு என்ன?" பருப்புக்குக் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. ஞானமுத்து, என்று வாய் சொல்லிவிட்டது. "என்ன வேலை பாத்தாங்க?" போஸ்ட்மாஸ்டர். அம்மா பேரு? கனகமணி. எப்படிச் செத்தாங்க? வயசாகி. பொய்தான், ஆனால் எவ்வளவு சுலபமாக வந்தது, யாரோ உள்ளே தயாராக எழுதி வைத்திருந்தது போல. அதற்கப்புறம் அக்சா விடவில்லை. தாத்தா கதை சொல்லும்மா. தாத்தாவுக்குச் சைக்கிள் வந்தது, பிறகு மழைக்கோட்டு, பிறகு மூக்குப்பொடி. கனகமணி முந்திரிக்கொத்து சுடுவாள், அதிகம் சிரிக்கமாட்டாள், மகளை மட்டும் அதட்டமாட்டாள். பஸ்ஸில் தனியாக வரும்போதுகூட இவள் அவர்களோடு பேசத் தொடங்கிவிட்டாள். லேபில் ரத்தம் கொடுக்க வெள்ளை மீசை வைத்த கிழவர் யாராவது வந்தால் இவள் கை தன்னால் மெதுவாகும், ஊசி வலிக்கக் கூடாது என்று. போஸ்ட்மாஸ்டராக இருக்குமோ? பைத்தியம். ஜெபசிங்குக்கு இது தெரியாது. தெரிந்தால் பொய் பாவம் என்பார், இரங்கியும் போவார். அத்தைக்குத் தெரியும், பிள்ளை அவளிடம் போஸ்ட்மாஸ்டர் தாத்தாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறது, அத்தை ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. இன்று காலை வாசலில் நின்று மகனிடம் அத்தை மட்டும்தான் இவளுக்காகப் பேசினாள். "சாட்சி கீட்சியெல்லாம் வேண்டாம்யா. நாளைக்கு நம்ம பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கணும்லா." இந்த உலகத்தில் இவள் பக்கம் பேச ஒரு குரல், அதுவும் இப்படி ஒரு காரணத்துக்காக. அப்போதும் இவளுக்கு நன்றியாகத்தான் இருந்தது. நன்றி என்பது இவளுக்கு இருமல் மாதிரி, அடக்கினாலும் வந்துவிடும்.

எழுந்து போய்விட்டால் என்ன? கழிப்பறைக்குப் போகிறேன் என்று எழுந்து, சமையல்கட்டு வழியாக வெளியே போய், மெயின் ரோட்டில் நின்றால் பஸ் வரும். பிள்ளையை விட்டுவிட்டா? பிள்ளையை விட்டுவிட்டுப் போனவள் பெற்ற பிள்ளைதானே நீ என்று ஒரு குரல் கேட்டது, வார்டன் ஐயாவின் குரல்தான், நன்றாகத் தெரிந்த குரல். இவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விருந்தினர் நாற்காலிகளுக்கு மட்டும் வெள்ளை உறை போட்டிருந்தார்கள். அது இரண்டு மூலையிலும் வழுக்கியது. முன்வரிசையில் ஒரு பெண், பன்னிரண்டு வயது இருக்கும், பாட்டுக்கு வாயை மட்டும் அசைக்கிறாள், சத்தம் போடவில்லை. கெட்டிக்காரி. நடனம் முடிந்தது. நிர்வாகி பாக்கியநாதன் ஐயா மைக்கைப் பிடித்து, "இப்போது நம்முடைய சகோதரி" என்று தொடங்கினார், நாற்பத்திரண்டு தலையும் திரும்பியது. இவள் எழவில்லை. எழமாட்டேன் என்று தீர்மானித்ததாகக்கூடச் சொல்ல முடியாது, முழங்காலிடம் யாரும் சொல்லவில்லை, அது எழவில்லை, அவ்வளவுதான். ஜெபசிங் குனிந்து, "போ வினி" என்றார். "முடியாது அத்தான்." "எல்லாரும் பாக்காங்க." "பாக்கட்டும்." பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு பதில் அவர் கேட்டதில்லை. ஒரு கணம் அவர் முகம் குழந்தை முகம் மாதிரி ஆயிற்று. பிறகு இவள் தோளைத் தட்டிக் கொடுத்தார், பரவாயில்லை என்கிற மாதிரி, எழுந்து அவரே மேடைக்குப் போனார். இவளுக்கு மூச்சு வந்தது. போய் ஜெபம் பண்ணுவார், கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்வார், இறங்கிவிடுவார். தப்பித்துவிட்டோம், ஞானமுத்து தப்பித்துவிட்டார்.

"என் மனைவிக்குக் கூச்ச சுபாவம். அதனால அவங்க சாட்சிய அவங்களுக்குப் பதிலா நான் சொல்லுதேன்" என்றார் ஜெபசிங். அன்பாகத்தான் சொன்னார். முப்பத்தேழு வருஷத்துக்கு முந்தி ஒரு ஆஸ்பத்திரி வராந்தா, என்றார். வெளியே நல்ல மழை, என்றார். கல்யாணமான மூன்றாம் நாள், இந்த மனிதனிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று இவள்தான் சொன்னாள், மழையோடு சேர்த்துச் சொன்னாள், நாயை விட்டுவிட்டாள். அவரும் நாயைச் சொல்லவில்லை. "ஒரு கிழிஞ்ச சேலையில சுத்தி வச்சிருந்தாங்க அந்தக் குழந்தைய." கிழிந்த சேலை இவளுக்குப் புதிது. இந்த வருஷத்துக்குக் கிழிந்த சேலை. வாசல் பக்கம் நின்ற சமையல்காரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "இன்னைக்கு அவங்க ஒரு பெரிய ஆஸ்பத்திரியில லேப் டெக்னீசியன். எனக்கு நல்ல மனைவி, என் பிள்ளைக்கு நல்ல தாய். பிள்ளைகளே, நீங்களும் அப்படி வருவீங்க." பாக்கியநாதன் ஐயா கையைத் தூக்கிக் காட்டினார், பிள்ளைகள் கைதட்டினார்கள். இவள் அக்சாவைப் பார்க்கவில்லை. ஆட்டிக்கொண்டிருந்த கால்கள் நின்றுவிட்டதை மட்டும் பார்த்தாள். வலது காலில் செருப்பு வார் பிரிந்திருந்தது. கேட்கப் போகிறாள். அப்போ போஸ்ட்மாஸ்டர் தாத்தா யாரு என்று கேட்கப் போகிறாள். பொய்யா சொன்ன என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடலாம், கத்தினால் அணைத்துக்கொள்ளலாம். கேளு பிள்ளை, சீக்கிரம் கேளு. அக்சா கேட்கவில்லை. மேடையில் அப்பாவைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தாள், கடைசிவரைக்கும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

பொட்டலம் கொடுக்கும்போது அம்மாவும் மகளும் சேர்ந்து கொடுக்க வேண்டும் என்றார்கள். அக்சா அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள், இவள் வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்தாள். தேங்க்யூ ஆன்ட்டி, ஹேப்பி கிறிஸ்மஸ். தேங்க்யூ ஆன்ட்டி, ஹேப்பி கிறிஸ்மஸ். வாயை மட்டும் அசைத்த அந்தப் பெண் வந்தாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நகராமல், தாழ்ந்த குரலில், எந்த ஸ்கூல் என்று விசாரிப்பது போல, "நீங்க எந்த ஹோம் ஆன்ட்டி?" என்று கேட்டாள். "ஆறுமுகநேரி பக்கம். இப்ப மூடிட்டாங்க." "அங்க வாராவாரம் கறி போடுவாங்களா?" "எங்க காலத்துல டிசம்பர்ல மட்டுந்தான்." "இங்கயும் அப்படித்தான். இந்த மாசத்துல இது அஞ்சாவது பிரியாணி. ரெண்டு பிள்ளைகளுக்கு வயித்தால போகுது." சொல்லிவிட்டுச் சிரிக்காமல் போய்விட்டாள். அந்த ஒரு நிமிஷம் இவள் நெஞ்சு லேசாக இருந்தது, பின்னாலேயே போய்த் தரையில் உட்கார்ந்துவிடலாம் போல. ஆனால் அடுத்த பிள்ளை கையை நீட்டிவிட்டது, அக்சா அடுத்த பொட்டலத்தை நீட்டிவிட்டாள்.

விருந்தாளிகளுக்கு நிர்வாகியின் அறையில் தனியாக மேசை போட்டிருந்தார்கள். ஜெபசிங் வேர்த்து, களைத்து, சந்தோஷமாக இருந்தார். பாக்கியநாதன் ஐயா பரிமாறச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்கப் போனார். தட்டு வந்தது. அக்சா தன் தட்டிலிருந்த கோழிக்காலை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் காலுக்காகப் பாட்டியோடு சண்டை போடுகிறவள். அதை அம்மாவின் தட்டில், சோற்றுக்கு மேல், கீழே விழாமல் பார்த்து வைத்தாள். பிறகுதான் முதல் தடவையாக இவள் முகத்தைப் பார்த்தாள். "நீங்க சாப்பிடுங்கம்மா. எனக்கு வேண்டாம்." நீங்க. பேச்சு வந்த நாளிலிருந்து அக்சா இவளை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். நீ போ, நீ வா, நீ பேசாத, உனக்கு ஒண்ணும் தெரியாது. காலையிலிருந்து இந்த இல்லத்துப் பிள்ளைகளிடம் பேசிய அதே மெதுவான குரல், தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, கண்ணை அகல வைத்துக்கொண்டு. பத்து வயதில் அந்த முகம் எப்படி இவ்வளவு சரியாக வந்துவிடுகிறது? யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? திட்டியிருக்கலாம் நீ. பொய்க்காரி என்று கத்தியிருக்கலாம். ஜெபசிங் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் கைக்குட்டையை எடுத்தார். "பாத்தியா வினி. பிள்ளை ஒரே நாள்ல எப்படி மாறிட்டா." "ஆமா அத்தான்" என்றாள். அக்சா இன்னும் கையைச் சோற்றில் வைக்கவில்லை, காத்துக்கொண்டிருந்தாள். கொடுத்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மிச்சம் வைக்கக் கூடாது, எடுத்த உடனே வாயில் வைக்க வேண்டும். வினிஃப்ரெட் கோழிக்காலை எடுத்துக் கடித்தாள். "நல்லாருக்காம்மா?" என்று கேட்டாள் மகள். "ரொம்ப நல்லாருக்கு" என்றாள் இவள், சிரித்தாள், போதவில்லையோ என்று இன்னொரு தடவையும் சிரித்துவிட்டு, எலும்பு தெரியும்வரை தின்றாள்.